ரத்தக்கட்டு வந்தவர் மறுபடி மைதானத்தில் இறங்கலாமா?

எங்கள் குன்னூர்ப் பக்கத்து அணியில் லெஃப்ட் பேக் ஆடும் பையனுக்குக் கணுக்கால் பிசகி மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்த ஒரு வாரத்தில் அதே காலின் கெண்டைச் சதை வீங்கியது. "ரத்தக்கட்டுதான் கண்ணு, நீவி விட்டா சரியாப் போயிரும்" என்று பாட்டி நீலகிரித் தைலத்தை எடுத்துவந்து அழுத்தித் தேய்த்தார். மூன்றாம் நாள், வீட்டுக்குப் போகும் படிக்கட்டில் பாதி ஏறியவன் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டான். கோவைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் எடுத்தால், காலில் உறைந்த ரத்தத்தின் ஒரு துண்டு நுரையீரலில் போய் அடைத்திருந்தது.

பிழைத்துக்கொண்டான். அதன்பிறகுதான் டீக்கடையில் ஆளாளுக்கு மருத்துவர் ஆனோம். "அவ்வளவுதான் தம்பி, இனி பந்தைத் தொடக்கூடாது" என்றார் ஒருவர். "மாத்திரை எல்லாத்தையும் கரைச்சிரும், ஒரே மாசத்துல வந்திருவான்" என்றார் இன்னொருவர். "ரத்தத்தைத் தண்ணியாக்கிட்டாங்க, கீறல் பட்டாலும் நிக்காது" என்றார் மூன்றாமவர். மூன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியால்தான் சிலர் பயந்து வீட்டில் முடங்குகிறார்கள், சிலர் அவசரப்பட்டு ஆடப்போய் ஆபத்தை இழுத்துக்கொள்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை. அந்தப் பையனோடு மருத்துவர் அறைக்கு வெளியே பல நாள் காத்திருந்தவன், உள்ளே போய்க் கேள்வி கேட்டவன், வீட்டுக்கு வந்து படித்தவன். புரிந்ததை எழுதுகிறேன்.

ஒரே சொல், இரண்டு சங்கதி

குழப்பம் நம் பேச்சிலேயே தொடங்குகிறது. அடிபட்ட இடம் கன்றி நீலம் பாரித்தால் அதை ரத்தக்கட்டு என்கிறோம். குழாய்க்கு வெளியே கசிந்து தோலுக்கு அடியில் தேங்கிய ரத்தம் அது. பத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் பத்து நாளில் மஞ்சளாகி மறையும். இந்தக் கட்டுரை பேசுவது வேறு: ரத்தம் குழாய்க்கு உள்ளேயே கெட்டியாகி வழியை அடைப்பது. இதை இனி உறைகட்டி என்றே சொல்கிறேன்.

இன்னொரு சொல் நரம்பு. கையில் பச்சையாகத் தெரிவதையும் நரம்பு என்கிறோம், ஊசி போடுபவரும் "நரம்பு கிடைக்கல" என்கிறார். அது நரம்பே அல்ல, ரத்தக்குழாய். இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் குழாய் தமனி. உடம்பெல்லாம் சுற்றிய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாய் சிரை. மாரடைப்பு என்பது இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் தமனியில் வரும் அடைப்பு. நம் பையனுக்கு வந்தது காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் சிரையில். மருத்துவர் சீட்டில் அதை டி.வி.டி. என்று எழுதியிருப்பார், படம் போடுகிற தகடு இல்லை. தமிழில் ஆழ்சிரை உறைவு.

பால் எப்படித் தயிராகிறது

உறைவது கெட்ட விஷயம் இல்லை. விரலை வெட்டிக்கொண்டால் ரத்தம் தானாக நிற்பது அதனால்தான். காயம் பட்டதும் தட்டணுக்கள் என்ற மிகச் சிறிய துணுக்குகள் ஓடிவந்து ஓட்டையில் ஒட்டிக்கொள்கின்றன. அப்புறம் ரத்தத்தில் கரைந்திருக்கும் சில புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பி, கடைசியில் ஃபைப்ரின் என்ற நூலை இழுத்து வலை பின்னுகின்றன. வலையில் சிவப்பணுக்கள் சிக்கிக் கட்டி ஆகிறது.

பாலில் உறைமோர் விட்டால் தயிராவது போலத்தான். உறைமோர் விழாதவரை நல்ல பால் பாலாகவே இருக்கும். ஒரு கரண்டி விழுந்துவிட்டால் பாத்திரம் முழுக்க மாறுகிறது. (ஊட்டியில் மார்கழி மாதம் தயிர் தோய்வதற்குப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைத்துப் பட்ட பாட்டை நினைத்து, குளிரில் ரத்தமும் உறையாது என்று யாரும் நம்பிவிட வேண்டாம். உடம்புக்குள் எந்த ஊரிலும் 37 டிகிரிதான்.)

காயம் இல்லாத இடத்தில் உறைமோர் எங்கிருந்து வருகிறது? 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்கோவின் பெயரால் இன்றும் மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். ரத்தம் ஓடாமல் தேங்குவது, குழாயின் உள்சுவர் சேதமாவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மையோடு இருப்பது. ஒன்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும் உடம்பு, இரண்டு மூன்று சேர்ந்தால் தடுமாறுகிறது. பையனின் கால் மாவுக்கட்டுக்குள் அசையாமல் இருந்ததால் தேக்கம். கணுக்கால் காயத்தில் குழாய்ச் சுவரும் அடிபட்டிருக்கலாம். காயம் ஆறும் நாட்களில் ரத்தத்தின் உறையும் வேகம் கொஞ்சம் கூடியும் இருக்கும்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: உறைகட்டி என்பது கன்றிப்போன காயம் அல்ல, அது சிரைக்குள் உண்டாவது. தேக்கம், சுவர்ச் சேதம், உறையும் தன்மை இவற்றில் இரண்டு மூன்று சேரும்போது பெரும்பாலும் அது வருகிறது.

பர்லியாறில் மண் சரிந்தால்

காலிலிருந்து ரத்தம் இதயத்துக்கு மேல்நோக்கி ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைச் சதை. நடக்கும்போது சதை இறுகிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. சிரைக்குள் இருக்கும் சின்னச் சின்னக் கதவுகள் அதைத் திரும்பிக் கீழே வரவிடாமல் மூடிக்கொள்கின்றன. இந்தக் கதவுகளுக்கு வால்வு என்று பெயர். கெண்டைச் சதையை இரண்டாவது இதயம் என்று சொல்வார்கள். மாவுக்கட்டுப் போட்டால் அந்த இதயத்துக்கு விடுமுறை.

உறைகட்டி வந்தபின் நடப்பதை மலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. மழைக்காலத்தில் குன்னூர்-மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் என்ன ஆகும்? பின்னால் வண்டிகள் வரிசை கட்டும். காலில் அதுதான் வீக்கம், வலி, சூடு. கொஞ்ச நேரத்தில் போலீஸ் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடும். உடம்பும் பக்கத்துச் சின்னச் சிரைகள் வழியாக ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. சுற்றுவழிதான், ஆனால் போய்ச் சேரும். மண்ணை அள்ளியபின் சாலை திறந்தாலும் தடுப்புச்சுவர் இடிந்த இடம் இடிந்ததுதான். அதேபோல் கட்டி கரைந்தபின்னும் சிலருக்கு வால்வுகள் பழுதாகி, மாலையானால் கால் கனத்து வீங்குவது மாதக்கணக்கில், ஏன், வருடக்கணக்கில்கூட நிற்கும். விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் "நோய் திரும்ப வந்துவிட்டதோ" என்று பதறுவது பல நேரம் இந்த மிச்ச வீக்கத்தைப் பார்த்துத்தான். அதற்காக அலட்சியமும் கூடாது. பழைய வீக்கமா புதிய கட்டியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. டாப்ளர் ஸ்கேன், அதாவது ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் சோதனைதான் சொல்லும்.

உருண்டு போகிற பாறை

சரிந்த மண்ணிலிருந்து ஒரு பாறை கழன்று உருண்டால்? காலின் கட்டியிலிருந்து துண்டு ஒன்று பிய்ந்தால், போகப் போகச் சிரைகள் அகலமாகிக்கொண்டே போவதால் அது எங்கும் சிக்காது. இதயத்தின் வலது பக்கம் போய், அங்கிருந்து நுரையீரலுக்குத் தள்ளப்படும். அங்கே குழாய்கள் மறுபடி கிளை கிளையாய்க் குறுகும், துண்டு மாட்டிக்கொள்ளும். இதற்கு நுரையீரல் தமனி அடைப்பு என்று பெயர். சீட்டில் பி.இ. என்று இருக்கும். "பி.இ. படிக்கவே இல்லையே, எப்படி வந்தது" என்று ஐ.சி.யு.வில் படுத்தபடி நம் பையன் அடித்த ஜோக்கைக் கேட்டபோதுதான் அவன் அம்மா முதல் முறையாகச் சிரித்தார்.

அறிகுறிகள்: திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தல், காரணமில்லாமல் வேகமாக அடிக்கும் இதயம், சிலருக்கு இருமலில் ரத்தம், சிலருக்கு மயக்கம். மலையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே மூச்சு வாங்கினால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வெளியூர் ஆள் என்றால் உயரம் என்போம், உள்ளூர் ஆள் என்றால் சளி, வீசிங் என்போம். விளையாட்டுக்காரர் என்றால் பயிற்சி விட்டுப்போச்சு என்போம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: போன வாரம் சுலபமாக ஏறிய அதே ஏற்றம் இந்த வாரம் ஏன் முடியவில்லை?

திடகாத்திரமானவருக்கு ஏன்?

"விளையாடுகிற உடம்புக்கு இதெல்லாம் வராது" என்பது அடுத்த தப்பு. அசைகிற உடம்புக்கு ஆபத்து குறைவு என்பது சரிதான். ஆனால் விளையாட்டுக்காரரின் வாழ்க்கையை யோசித்துப் பாருங்கள். அடிபடுகிறார், அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார், கட்டுப் போட்டுக் கிடக்கிறார். வியர்த்து நீர் வற்றிய உடம்போடு ஊட்டியிலிருந்து சென்னை வரை ராத்திரி முழுக்கப் பஸ் இருக்கையில் முழங்கால் மடக்கி உட்கார்ந்து போட்டிக்குப் போகிறார். பெண்கள் என்றால் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஆபத்தைக் கூட்டும். பரம்பரையாகவே எளிதில் உறையும் ரத்தம் சில குடும்பங்களில் உண்டு, அது கோப்பையைப் பார்த்து விலகிப் போகாது.

இன்னொரு வகை கையில் வருவது. கையிலிருந்து வரும் பெரிய சிரை, காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையிலுள்ள இடுக்கில் நுழைந்து போகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கி வேலை வாங்கும் ஆட்டங்களில், நீச்சல், வாலிபால், எடை தூக்குதல் போன்றவற்றில், சிலருக்கு அந்தச் சிரை நசுங்கி நசுங்கி உறைந்துவிடும். ஒரு கை மட்டும் வீங்கி நீலம் பூத்தால் "ஜிம்முக்குப் போனது பிடித்துக்கொண்டது" என்று விட்டுவிடக் கூடாது.

ஆக, உடல்திறன் ஒரு கவசம்தான், ஆனால் முழுக்கவசம் இல்லை. சில நேரம் அதுவே அறிகுறியை மறைத்தும்விடும். பழகிய உடம்பு தாங்கிக்கொண்டே இருக்கும், வீரரும் அதைத் தசைப்பிடிப்பு என்றே நினைப்பார்.

மாத்திரை ஜேசிபி இல்லை

இங்கேதான் டீக்கடை முழுவதும் தவறியது. ரத்தம் நீர்க்கும் மாத்திரை என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம். அது ரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. பாலில் தண்ணீர் ஊற்றுகிற வேலை அல்ல அது, உறைமோர் கிடைக்காமல் செய்கிற வேலை. புரதங்கள் ஒன்றையொன்று தட்டி எழுப்பும் சங்கிலியில் ஒரு கண்ணியைப் பிடித்து நிறுத்துகிறது. எனவே இதன் சரியான பெயர் உறைதடுப்பு மருந்து.

ஏற்கெனவே தோய்ந்த தயிரை இது பாலாக்காது. மண்சரிவுக் கணக்கில் சொன்னால், மேற்கொண்டு மண் சரியாமல் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. விழுந்த மண்ணை அள்ளுகிற ஜேசிபி உடம்பிலேயே இருக்கிறது. பிளாஸ்மின் என்ற பொருள் ஃபைப்ரின் வலையை மெல்ல மெல்ல அறுக்கிறது. வாரங்கள், மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுதாக அள்ளி முடியாமல் தழும்பாகவும் நிற்கும். கட்டியை வேகமாகக் கரைக்கும் ஊசி தனியாக உண்டு. அதில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம் என்பதால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரியில் வைத்துப் போடுவார்கள்.

உறைதடுப்பு மருந்தில் தொடக்கத்தில் பலருக்கு ஹெப்பாரின் ஊசி. அப்புறம் வார்ஃபரின் அல்லது அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற புதிய மாத்திரைகள். வார்ஃபரின் எடுப்பவர்கள் ஐ.என்.ஆர். என்ற ரத்தச் சோதனையை அடிக்கடி செய்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அந்த எண் 2க்கும் 3க்கும் இடையில் இருக்கும்படி அளவைச் சரிசெய்வார்கள். கீரை, முட்டைக்கோஸ், ப்ராக்கோலி போன்றவற்றில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். நம் ஊரில் முட்டைக்கோஸ் சாப்பிடாமல் இருக்கச் சொன்னால் நடக்கிற காரியமா? நிறுத்தத் தேவையில்லை, வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிட்டால் போதும். புதிய மாத்திரைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேளை தவறினால் பாதுகாப்பு சில மணி நேரத்திலேயே குறைய ஆரம்பித்துவிடும்.

பெரும்பாலோருக்குக் குறைந்தது 3 மாதம். மாவுக்கட்டு, அறுவை சிகிச்சை என்று தெளிவான, கடந்துபோன காரணம் இருந்தால் அத்தோடு நிறுத்தலாம். காரணமே தெரியாமல் வந்திருந்தால், அல்லது இரண்டாம் முறை வந்திருந்தால், வருடக்கணக்கில், சிலருக்கு ஆயுள் முழுக்க. ஆக, ஒரு வீரரின் எதிர்காலத்தைப் பெரும்பாலும் முடிவுசெய்வது கட்டி எவ்வளவு பெரியது என்பதல்ல, அது ஏன் வந்தது என்பது.

ஓடுவது ஒன்று, மோதுவது வேறு

மறுபடி ஆடலாமா என்பது ஒரே கேள்வி போலத் தெரிகிறது. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உடம்பு உழைப்பைத் தாங்குமா? அடிபட்டால் ரத்தம் நிற்குமா? இரண்டுக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் டீக்கடையில் அத்தனை சண்டை.

முதல் கடிகாரம் நினைப்பதைவிட வேகமானது. அசைந்தால் கட்டி பிய்ந்து போய்விடும் என்ற பயத்தில் முன்பெல்லாம் நோயாளியை நாள்கணக்கில் படுக்கவைத்தார்கள். இப்போது மருந்து தொடங்கி நிலை சீரானதும், மருத்துவர் சொன்னபடி நடக்கவே சொல்கிறார்கள். பிறகு மெல்ல நடை நீளும், வேகம் கூடும், நிலையான சைக்கிள் வரும், மெல்லோட்டம் வரும். நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கு இதயத்தையும் எக்கோ சோதனையில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படி. மூச்சு பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதம் ஆகலாம். மலையில் சமதரை என்பதே அபூர்வம், எனவே தொடக்கத்தில் ஊட்டி ஏரிக்கரை மாதிரி ஏற்றமில்லாத இடமாகப் பார்த்து நடப்பது நல்லது. வீட்டு வாசலிலேயே ஏற்றம் தொடங்கும் ஊரில் இது சுலபமாகச் சொல்லிவிடுகிற அறிவுரை என்று எனக்கும் தெரியும்.

இரண்டாவது கடிகாரம் மாத்திரையோடு கட்டப்பட்டது. மருந்து எடுக்கும்வரை தலையிலோ வயிற்றிலோ பலமாக அடிபட்டால் உள்ளே கசியும் ரத்தம் நிற்கத் தாமதமாகும். அதனால் கால்பந்து, கபடி, ஹாக்கி, குத்துச்சண்டை வேண்டாம் என்கிறார்கள். குதிரையேற்றமும் அப்படியே. கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் சைக்கிளில் இறங்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும், ஆள்மேல் மோதாவிட்டாலும் தார்மேல் விழலாம். தலையில் அடிபட்டுவிட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்று தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரி. சில தொழில்முறை வீரர்களுக்கு, ஆட்ட நேரத்தில் ரத்தத்தில் மருந்து குறைந்திருக்கும்படி வேளையைக் கணக்குப்போட்டு நிபுணர்கள் திட்டம் வகுத்ததுண்டு. அதைக் கேள்விப்பட்டு, மேட்ச் அன்றைக்கு மட்டும் மாத்திரையைத் தானே நிறுத்துவதைப் போல ஆபத்து வேறில்லை.

விளையாட்டுக்காரர்களின் பையில் எப்போதும் இருக்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் வலிமாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். போட்டி நாளுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை, ஒருமுறை உறைகட்டி வந்த பெண் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. உறைதடுப்பு மருந்தால் மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்பதையும் பயிற்சியாளர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ரத்தசோகையால் வரும் களைப்பைப் பயிற்சிக் குறைவு என்று நினைத்துத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பியவர்கள், திரும்ப முடியாதவர்

செரீனா வில்லியம்ஸ் 2010இல் கண்ணாடியை மிதித்துக் காலை வெட்டிக்கொண்டார். அறுவை சிகிச்சைகளுக்குப் பின் 2011 தொடக்கத்தில் நுரையீரலில் உறைகட்டி. அதே ஆண்டு ஜூனில் களம் இறங்கினார், 2012இல் விம்பிள்டனும் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். டென்னிஸில் ஆள் மோதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். 2017இல் குழந்தை பிறந்த மறுநாள் மூச்சுத் திணறியபோது, தனக்கு ஸ்கேன் வேண்டும் என்று அவரே வற்புறுத்திக் கேட்டார். நுரையீரலில் மறுபடி கட்டிகள் இருந்தன. முந்தைய அனுபவம் அவருக்குத் தன் உடம்பின் பாஷையைக் கற்றுக்கொடுத்திருந்தது.

கூடைப்பந்தில் பிராண்டன் இங்க்ராமுக்கு 2019இல் வலது கையில் உறைகட்டி. நான் மேலே சொன்ன இடுக்கை அறுவை சிகிச்சையில் அகலப்படுத்தினார்கள். காரணம் போனது, அடுத்த பருவத்திலேயே சிறந்த வீரர்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். 2025 பிப்ரவரியில் விக்டர் வெம்பன்யாமாவுக்கு வலது தோளில் வந்தது. மீதிப் பருவத்தை அப்படியே விட்டுவிட்டு அக்டோபரில் திரும்பினார்.

இன்னொரு கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷுக்கு 2015 பிப்ரவரியில் நுரையீரலில் வந்தது. அந்தப் பருவம் போயிற்று, அடுத்த பருவம் ஆட வந்தார். 2016 பிப்ரவரியில் காலில் மறுபடி. அத்தோடு ஆட்டம் நின்றது. அவருக்குத் திறமையோ மனவுறுதியோ குறைந்துவிடவில்லை. திரும்பத் திரும்ப வரும் உறைவுக்கு நீண்டகால மருந்து வேண்டும், மோதல் நிறைந்த ஆட்டத்துக்கு அந்த மருந்து ஒத்துவராது. இரண்டு கடிகாரங்களும் ஒன்று சேராமல் போன கதை அது.

எங்கள் லெஃப்ட் பேக்

அவனுக்குக் காரணம் தெளிவு, மாவுக்கட்டு. இப்போது மருந்து முடிய இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. மெல்லோட்டம் தொடங்கிவிட்டான். பஸ்ஸில் போகும்போது நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கி நடக்கிறான், இருக்கையிலும் கணுக்காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறான், பக்கத்துச் சீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள். என்ன மாத்திரை, எவ்வளவு என்று எழுதிய சீட்டு அவன் பர்ஸில் இருக்கிறது. பாட்டி தைலத்தை விடவில்லை, ஆனால் இப்போது தன் முழங்காலுக்கு மட்டும் தேய்த்துக்கொள்கிறார்.

மூச்சுத்திணறலைவிடப் பயம்தான் மெதுவாகக் குறைகிறது என்கிறான். கெண்டையில் லேசாக இழுத்தாலும் நின்று தொட்டுப் பார்க்கிறான், இரண்டு காலையும் ஒப்பிடுகிறான். மருத்துவர் அதைத் தப்பென்று சொல்லவில்லை. ஒரு காலில் மட்டும் புதிதாக வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ வந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் வா என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அவனுக்குக் கொடியைக் கொடுத்து லைன்ஸ்மேன் ஆக்கியிருக்கிறோம். தொண்ணூறு நிமிடமும் கோட்டோரம் ஓடுகிறான், யாரும் அவன்மேல் மோதுவதில்லை. போன வாரம் எங்கள் அணிக்கே ஆஃப்சைடு கொடுத்து ஒரு கோலைப் பிடுங்கிவிட்டான்.